மூன்றாம் இயலின் அப்பா

கல்லூரியின் பெயர் நீளமானது. நிறுவனரின் பெயர், அவருடைய தாயாரின் பெயர், தாயார் கும்பிட்ட தெய்வத்தின் பெயர் மூன்றும் அதில் வரும். தஞ்சாவூரிலிருந்து பட்டுக்கோட்டை போகும் பேருந்தில் நடத்துனர்கள் அதைக் ‘காலேஜ்’ என்று சுருக்கிக் கூவி இறக்கிவிடுவார்கள். சுற்றிலும் வயல். சம்பா அறுவடையின்போது இயந்திரத்தின் சத்தத்தில் வகுப்பில் பாடம் கேட்காது. கேட்கவில்லை என்று யாரும் இதுவரை குறை சொன்னதில்லை.

பூர்ணிமா அங்கே கௌரவ விரிவுரையாளர். கௌரவ விரிவுரையாளர் என்பவர் ஏப்ரல் வரை வேலை பார்ப்பவர், மே மாதம் அப்படி ஒருவர் இல்லை என்று ஆகிறவர், ஜூன் மாதம் மறுபடி தோன்றுகிறவர். வேதியியல், வணிகவியல், கணினி என்று எந்தத் துறையில் சேர்ந்த முதலாமாண்டு மாணவருக்கும் ‘எழுத்துத் திறன்’ என்றொரு தாள் உண்டு. அதை நடத்துவது அவள் வேலை.

அதே கல்லூரியில் அவள் பகுதிநேரமாக முனைவர் பட்ட ஆய்வும் செய்துகொண்டிருந்தாள். தலைப்பு, ‘காவிரிக் கடைமடை ஊர்களில் தண்ணீர் பற்றிய பேச்சு.’ ஆற்றுத் தண்ணீர் எல்லோருக்கும் கடைசியாக வந்து சேரும் ஊர்களில் மனிதர்கள் எப்படிக் காத்திருக்கிறார்கள், காத்திருக்கும்போது என்ன பேசிக்கொள்கிறார்கள் என்பதைப் பற்றியது. அவள் ஊரே மதுக்கூருக்குக் கிழக்கே அப்படியொரு கடைமடை ஊர்தான். அதனால் தலைப்புக்காக எங்கும் போக வேண்டியிருக்கவில்லை. ஆனால் பல்கலைக்கழகம் கொடுத்த காலம் முடிந்து, கெஞ்சி வாங்கிய நீட்டிப்பும் முடியும் தறுவாயில் இருந்தது. மார்ச் கடைசிக்குள் ஆய்வேட்டை ஒப்படைக்க வேண்டும். ஒப்படைக்காவிட்டால் பதிவு ரத்தாகும். ரத்தானவர்கள் வேறொரு தலைப்பில் முதலிலிருந்து தொடங்கலாம் என்று விதிமுறையில் கருணையோடு எழுதியிருந்தது.

நெறியாளர் டாக்டர் சிவசாமி. தமிழ்த்துறைத் தலைவர். ஆய்வேட்டின் மூன்று இயல்களை அவள் எப்போதோ அவரிடம் கொடுத்துவிட்டாள். அவை அவருடைய மேசை மேல்தான் இருந்தன. மின்விசிறிக் காற்றில் மற்ற தாள்கள் பறக்காமல் இருக்க அவற்றின் மேல் வைத்திருந்தார். எப்போது கேட்டாலும், “படிச்சிட்டுத்தாம்மா இருக்கேன், பிரமாதமாப் போவுது” என்பார்.

எழுத்துத் திறன் வகுப்பில் முதல் நாள் பூர்ணிமா, காலையில் கல்லூரிக்கு வரும் வழியில் பார்த்த ஒன்றைப் பற்றி ஐந்து வரி எழுதச் சொன்னாள். அறுபது பேரும் பேனாவைத் திறந்து வைத்துக்கொண்டு அவளைப் பார்த்தார்கள். அவள் அவர்களைப் பார்த்தாள். கொஞ்ச நேரம் கழித்து முன்வரிசையில் ஒரு பெண் பணிவாக எழுந்து, “சொல்லுங்க மேடம், எழுதிக்கிறோம்” என்றாள்.

அந்தப் பெண்ணின் பெயர் சாஜிதா. அதிராம்பட்டினத்திலிருந்து வந்து வேதியியல் படிப்பவள். தான் எதையும் சொல்லப்போவதில்லை, நீங்கள் பார்த்ததை நீங்கள்தான் எழுத வேண்டும் என்று பூர்ணிமா விளக்கினாள். சாஜிதா அதையும் நோட்டில் எழுதிக்கொண்டாள். மற்றவர்களும் எழுதிக்கொண்டார்கள்.

இப்படியே ஒரு மாதம் போனது. பிள்ளைகள் பேனாவைத் திறந்துகொண்டு காத்திருந்தார்கள், நெல்லுக்குத் தண்ணீர் கேட்பதைப் போல ஆங்காரமில்லாமல், ஆனால் விடாமல். அதன்பின் புகார் போனது. பெற்றோர் ஆசிரியர் கூட்டத்தில் ஒருவர் எழுந்து, எழுத்துத் திறன் பாடத்துக்குப் பிள்ளையின் நோட்டில் முதல் நாள் எழுதிய ஒரு வரியைத் தவிர ஒன்றும் இல்லை என்று சொல்லி நோட்டைத் தூக்கிக் காட்டினார். சிவசாமி அவளைக் கூப்பிட்டார். பிள்ளைகளைச் சொந்தமாக எழுதச் சொல்வது நல்ல எண்ணம்தான் என்றும், ஆனால் எதையாவது எழுதிப் போட்டால்தானே அவர்கள் சொந்தமாக எழுத முடியும் என்றும் அன்பாகச் சொன்னார்.

பூர்ணிமா களைத்திருந்தாள். நான்கு பிரிவுகளுக்கும் மாதிரி தேடி எழுத நேரமில்லை. இரண்டு வகுப்புகளுக்கு நடுவே, மரத்தடியில் உட்கார்ந்து தன் மூன்றாம் இயலைத் திருத்திக்கொண்டிருந்தவள், மணி அடித்ததும் அந்தத் தாள்களோடு எழுந்து வகுப்புக்குப் போனாள். ஒரு நல்ல பத்தி எப்படி இருக்க வேண்டும் என்று கேளுங்கள், கேட்டால் போதும் என்று சொல்லிவிட்டு வாசித்தாள்.

“மேட்டூரில் திறந்துவிட்டார்கள் என்ற செய்தி எங்கள் ஊருக்குத் தண்ணீருக்கு முன்னால் வந்துவிடும். அன்றிலிருந்து என் அப்பா தினமும் மதகடிக்குப் போய் நிற்பார். வாய்க்காலின் அடியில் வெடித்துக் கிடக்கும் மண்ணைப் பார்த்துவிட்டுத் திரும்பி வருவார். தண்ணீர் வந்துவிட்டதா என்று வீட்டில் யாரும் கேட்க மாட்டோம். வந்திருந்தால் அவர் கால் நனைந்திருக்கும். எங்கள் ஊரில் வாசலில் ஏறுகிறவர்களின் முகத்தைப் பார்ப்பதற்கு முன்னால் காலைப் பார்ப்போம்.”

வகுப்பில் பேனாக்களின் சத்தம் மட்டும் கேட்டது. நீண்ட வறட்சிக்குப் பிறகு பெய்கிற மழையை வாங்குவதுபோல அவர்கள் வாங்கிக்கொண்டிருந்தார்கள். கடைசி வரிசையிலிருந்து, “மதகடிக்கு அப்புறம் கமாவா மேடம்?” என்று ஒருவன் கேட்டான்.

பழக்கமாகிவிட்டது. வாரத்துக்கு மூன்று பக்கம் வாசித்தாள். அவர்கள் எழுதினார்கள். முந்தின இரவு வாய்விட்டு வாசித்துப் பார்க்கும்போது எந்த வாக்கியம் நொண்டுகிறது என்று அவளுக்கே தெரிந்தது. அப்போதே அதைத் திருத்தினாள். ஆக, ஆய்வும் நடந்தது, வகுப்பும் நடந்தது. செமஸ்டர் முடிவதற்குள் மூன்றாம் இயல் முழுவதும் வாசித்து முடிந்திருந்தது.

இறுதி அசைன்மென்டுக்கு, ‘என்னைப் பாதித்த ஓர் அனுபவம்’ என்று தலைப்புக் கொடுத்தாள். எல்லோரும் நோட்டில் இருந்த முழுவதையும் எழுதி வந்தார்கள். இருநூற்று முப்பத்தொன்பது பேரின் அப்பாக்கள் மதகடியில் நின்றுகொண்டிருந்தார்கள். தஞ்சாவூர் கீழவாசலில் செருப்புக்கடை வைத்திருப்பவரும் நின்றார், அரசுப் பேருந்து ஓட்டுநரும் நின்றார், மல்லிப்பட்டினத்தில் கடலுக்குப் போகிறவரும், ஏதோ காரணத்துக்காக, மேட்டூர் தண்ணீருக்காக வந்து நின்றார். ஆர்த்தி என்ற மாணவி மட்டும் அப்பாவை மாமாவாக மாற்றியிருந்தாள். அவளுக்கு மதிப்பெண்ணில் முதலிடம் கொடுப்பதைத் தவிர பூர்ணிமாவுக்கு வேறு வழி தெரியவில்லை.

அந்த ஆண்டு கல்லூரிக்குத் தரமதிப்பீட்டுக் குழு வருவதாக இருந்தது. சுவர்களுக்கு வெள்ளையடித்தார்கள். மரங்களுக்குத் தாவரவியல் பெயர்ப் பலகைகள் வந்தன. மாணவர்களின் எல்லா அசைன்மென்டுகளையும் ஸ்கேன் செய்து ‘அறிவுக் களஞ்சியம்’ என்ற பெயரில் கல்லூரி சர்வரில் ஏற்ற வேண்டும் என்று முதல்வர் பஞ்சநதம் உத்தரவிட்டார். ஏற்றியவர் நூலகர் தமிழரசன். கட்டுரைகளில் காப்பி இருக்கிறதா என்று பார்க்கும் ஒப்புமைச் சோதனை மென்பொருளையும் அவர்தான் இயக்குவார். அந்த மென்பொருள் தமிழை எழுத்தெழுத்தாகப் படிக்கும், எதுவும் புரிந்துகொள்ளாது. அந்த வகையில் கல்லூரிக்குள் அது சீக்கிரமே பொருந்திப்போனது.

மாணவர்களின் கட்டுரைகளை அவர் உலகம் முழுவதும் உள்ள இணையதளங்களோடு ஒப்பிட்டார். எங்கும் இல்லை. பூஜ்யம் என்று வந்தது. கட்டுரைகளை ஒன்றோடொன்று ஒப்பிட்டபோது தொண்ணூற்றெட்டு என்று வந்தது. முதல்வரிடம் போய்ச் சொன்னார். ஒரே வகுப்பில் படிக்கும் பிள்ளைகளைத் தங்களுக்குள் ஒப்பிடுவது ஆரோக்கியமான பழக்கம் இல்லை என்று முதல்வர் கருதினார். அந்த வசதியை அணைத்துவிட்டார்கள்.

குழு வந்தது, மோர் குடித்தது, கும்பகோணம் வெற்றிலை போட்டுக்கொண்டு பூஜ்யத்தைப் பாராட்டிவிட்டுப் போனது. நுழைவாயிலில் ‘காப்பியற்ற வளாகம்’ என்று பித்தளை எழுத்துகளில் பலகை வைத்தார்கள். திறப்பு விழாவில் முதல்வர் பேசும்போது, இந்த வளாகத்தில் காப்பி கிடைக்கும் ஒரே இடம் கேன்டீன்தான் என்றார். கைதட்டல் அடங்கும்வரை காத்திருந்து, அதை இன்னொரு முறை சொன்னார்.

பிப்ரவரி மாதம் பூர்ணிமா தன் ஆய்வேட்டை ஒப்புமைச் சோதனைக்குக் கொடுத்தாள். பத்து விழுக்காட்டுக்குள் வந்தால்தான் பல்கலைக்கழகம் வாங்கும். மறுநாள் தமிழரசன் போன் செய்து, நேரில் வந்தால் நல்லது என்றார். போனாள். நூலகத்தில் அவர் மின்விசிறியை அவள் பக்கம் திருப்பி வைத்தார். தண்ணீர் கொடுத்தார்.

“நாப்பத்தேழு மேடம்” என்றார்.

எதிலிருந்து என்று கேட்டாள்.

“அறிவுக் களஞ்சியத்திலேருந்து. சாஜிதா, ஃபர்ஸ்ட் இயர் கெமிஸ்ட்ரி. மூணாவது இயல் முழுக்க அந்தப் பொண்ணோடதுதான். நீங்க ஒரு வார்த்தைகூட மாத்தல. கமாகூட அதே எடத்துல இருக்கு.” அவர் குரலைத் தாழ்த்தினார். “இப்படி எடுக்கறவங்க கொஞ்சமாச்சும் மாத்துவாங்க மேடம்.”

சாஜிதா பெயர் ஏன் என்றால், எல்லோரையும்விட முன்னதாக ஒப்படைத்தவள் அவள். மற்ற இருநூற்றுச் சொச்சம் பேரையும் மென்பொருள் அவளுக்குக் கீழே வரிசையாகக் கொடுத்திருந்தது. அந்த வரிசை நான்காவது பக்கத்தில் முடிந்தது. தேதிப்படி அதன் கடைசியில் பூர்ணிமா நின்றாள்.

அவள் நெறியாளரிடம் ஓடினாள். சிவசாமி முழுவதையும் பொறுமையாகக் கேட்டார். சாஜிதாவின் கட்டுரையை வாங்கிக் கண்ணாடி போட்டுக்கொண்டு முதல் பத்தியைப் படித்தார். இரண்டாவது முறையும் படித்தார். கண்ணாடியைக் கழற்றினார்.

“அடடா. காலைப் பார்ப்போம்னு முடிச்சிருக்கு பாரு. இந்த மண்ணு வாசனை உன் எழுத்துல இல்லைன்னுதாம்மா நான் ஆரம்பத்துலேருந்து சொல்லிட்டிருக்கேன்.”

மூன்றாம் இயலின் மேல் அப்போது தேநீர்க் கோப்பை இருந்தது.

ஒரு வாரத்தில் கருத்துத் திருட்டுத் தடுப்புக் குழு கூடியது. தலைவர் முதல்வர் பஞ்சநதம். உறுப்பினர் டாக்டர் சிவசாமி. செயலர் தமிழரசன். மூன்று பேருக்கும் பாதாம் பால் வந்தது. யாரைப் பற்றிய கூட்டமோ அவருக்கும் வந்தது. முதல்வர் நல்ல மனிதர்.

பூர்ணிமா நடந்ததைச் சொன்னாள். மூன்றாம் இயலைத் தான் எழுதிய ஆண்டு, தன் கணினியில் இருக்கும் பழைய பிரதிகள், வகுப்பில் வாசித்தது, பிள்ளைகள் எழுதிக்கொண்டது எல்லாவற்றையும் சொன்னாள். முதல்வர் குறுக்கிடவில்லை. அவள் முடித்ததும், சொந்தக் கணினியில் எதை வேண்டுமானாலும் யாரும் வைத்துக்கொள்ளலாம் என்றும், கல்லூரி சர்வரில் ஏறிய தேதிதான் தேதி என்றும் விளக்கினார். சாஜிதா நவம்பரில் ஏறியிருக்கிறாள். பூர்ணிமா பிப்ரவரியில் ஏறியிருக்கிறாள்.

“பிள்ளைங்க என்னைப் பார்த்துத்தான் எழுதினாங்க சார். நான்தான் வாசிச்சேன்” என்றாள் மறுபடியும்.

பஞ்சநதம் பெருமூச்சு விட்டார். “மேடம், உங்க மேல எனக்கு மரியாதை உண்டு. ஆனா நிர்வாகம்னு ஒண்ணு இருக்கு. ஒண்ணு, இருநூத்தி நாப்பது பிள்ளைங்களும் காப்பியடிச்சிருக்கணும். இல்ல, நீங்க ஒருத்தர் அடிச்சிருக்கணும். அங்க இருநூத்தி நாப்பது தப்பு. இங்க ஒரே ஒரு தப்பு. நாற்காலியில உக்காந்திருக்கறவன் எதை எடுப்பான், நீங்களே சொல்லுங்க. அதோட வாசல்ல பித்தளையில வேற எழுதிட்டோம்.”

சிவசாமி, பித்தளை என்பதால் மாற்றுவது கஷ்டம் என்று ஆமோதித்தார்.

சாஜிதாவைக் கூப்பிட்டார்கள். அவள் கதவோரம் வந்து நின்று துப்பட்டாவைச் சரிசெய்துகொண்டாள். பயந்திருந்தாள். இந்தக் கட்டுரை எப்படி எழுதப்பட்டது, பயப்படாமல் உண்மையைச் சொல் என்றார்கள். அவள் உண்மையைச் சொன்னாள். மேடம் சொன்னார்கள், நாங்கள் எழுதினோம் என்றாள். மதகு என்றால் என்னவென்றே தனக்குத் தெரியாது என்றாள். தன் வாப்பா மலேசியாவில் ஒரு துணிக்கடையில் இருப்பதாகவும், வாய்க்கால் பக்கமே போனதில்லை என்றும் சொன்னாள்.

தமிழரசன் எழுதுவதை நிறுத்தியிருந்தார். முதல்வர் பாதாம் பாலைத் தள்ளி வைத்தார்.

“பாருங்க சிவசாமி. டீச்சரைக் காப்பாத்தறதுக்காகத் தான் எழுதினதையே இல்லைங்குது. இந்தக் காலத்துல எந்தப் பிள்ளைக்கு வரும் இந்த மனசு?”

“அதைவிட, மதகையே பார்க்காம மதகை எழுதியிருக்கு சார். அதாம் கற்பனை” என்றார் சிவசாமி.

குழு ஒருமனதாக இரண்டு முடிவுகளை எடுத்தது. ஒன்று, பூர்ணிமாவின் மேல் நடவடிக்கை எடுப்பதில்லை. ஒப்புமையைப் பத்துக்குள் கொண்டுவந்து ஒப்படைத்துக்கொள்ளலாம். இரண்டு, முதலாமாண்டிலேயே முனைவர் பட்ட அளவுக்கு எழுதிய மாணவிக்கு ‘இளம் ஆய்வுச்சுடர்’ விருது வழங்கப்படும். விருதுக்கான பாராட்டுரையை வழக்கம்போல் எழுத்துத் திறன் ஆசிரியர் எழுதித் தருவார்.

பூர்ணிமா எழுதித் தந்தாள். மார்ச் முதல் வாரத்தில் விழா நடந்தது. கடைமடையின் கண்ணீரைக் கட்டுரையாக்கியவள் என்று முதல்வர் அவள் எழுதிக்கொடுத்ததை வாசித்துவிட்டு, தாளிலிருந்து தலையைத் தூக்கி, சொந்தமாக ஒன்று சேர்த்துக்கொண்டார். ஓர் ஆசிரியரே பார்த்து எழுதும் அளவுக்கு இந்தக் கல்லூரி மாணவர்களின் தரம் உயர்ந்திருக்கிறது என்றார். சாஜிதா, தண்டனை வாங்குகிறவளின் முகத்தோடு கோப்பையை வாங்கிக்கொண்டு இறங்கினாள்.

ஒப்புமையைப் பத்துக்குள் கொண்டுவர ஒரு வழி இருப்பதாகத் தமிழரசன் சொன்னார். அவர் இரக்கமுள்ளவர். எல்லோருக்கும் இதைச் சொல்ல மாட்டார்.

“மூணாவது இயலைக் கம்ப்யூட்டர்ல போட்டு இங்கிலீஷ் ஆக்கிடுங்க மேடம். அதை மலையாளமாக்கிடுங்க. அங்கேருந்து திரும்பத் தமிழுக்குக் கொண்டாந்துடுங்க. ஒரு பய கண்டுபிடிக்க முடியாது. போன வருஷம் நாலு பேரு இந்த ரூட்லதான் டாக்டர் ஆனாங்க.”

அவரே செய்தும் கொடுத்தார். மலையாளம் வரை போய்த் திரும்பியிருந்த பத்தியைப் பூர்ணிமா படித்தாள். “எனது தந்தையானவர் தினசரி அடிப்படையில் கதவுப்பகுதியை அடைந்து நிற்கும் நிலையில் காணப்படுகிறார். அவரது பாதங்கள் ஈரப்பதத்தைக் கொண்டிருக்கும் பட்சத்தில் குடும்பத்தினரால் வருகை உறுதிசெய்யப்படுகிறது. முகங்கள் பிற்பாடு பரிசீலிக்கப்படுகின்றன.” ஒப்புமை இரண்டு விழுக்காடு.

சிவசாமிக்கு அது பிடித்திருந்தது. ஆய்வு நடை இப்போதுதான் வந்திருக்கிறது என்றார். கையெழுத்துப் போடப் பேனாவையும் எடுத்துவிட்டார். பூர்ணிமா தாள்களைத் திரும்ப வாங்கிக்கொண்டு, ஒரு நாள் அவகாசம் கேட்டாள்.

“இதுல யோசிக்க என்னம்மா இருக்கு?”

இது தன் அப்பா இல்லை என்றாள்.

“ஆய்வேட்டுல அப்பா எதுக்கு?” என்று அவர் உண்மையிலேயே புரியாமல் கேட்டார். ஆனாலும் ஆறு ஆண்டுகளாகத் தன் வரவேற்புரை, நன்றியுரை, இரங்கலுரை எல்லாவற்றையும் எழுதிக் கொடுத்தவள் என்பதால் இன்னொரு வழியையும் சொன்னார். மேற்கோள் குறிக்குள் இருப்பதை மென்பொருள் கணக்கில் எடுக்காது. மூன்றாம் இயலை அப்படியே வைத்துக்கொள்ளலாம், ஒரு எழுத்தையும் தொட வேண்டாம். தொடக்கத்தில் ஒரு மேற்கோள் குறி, முடிவில் ஒரு மேற்கோள் குறி, அடிக்குறிப்பில் சாஜிதாவின் பெயர். அந்தப் பெண்ணிடம் ஒரு சம்மதம் மட்டும் எழுதி வாங்கிவிட வேண்டும்.

பூர்ணிமா வெளியே வந்து பேருந்து நிறுத்தத்தில் உட்கார்ந்தாள். இரண்டு பேருந்துகளை விட்டாள். நடுவில் அப்பா போன் செய்தார். கொள்முதல் நிலையத்தில் நெல்லைக் கொட்டிவிட்டு நாலாவது நாளாகக் காவல் இருப்பதாகவும், மூட்டை பிடிக்க ஆள் வரவில்லை என்றும், மழை மட்டும் வராமல் இருக்க வேண்டும் என்றும் சொன்னார். பிறகு, “உன் படிப்பு என்னம்மா ஆச்சு? இந்த மாசத்தோட முடிஞ்சிரும்தானே?” என்றார். முடிந்துவிடும் என்றாள்.

மறுநாள் சாஜிதாவை நூலகத்துக்கு வெளியே, தாவரவியல் பெயர் எழுதிய வேப்பமரத்தடியில் சந்தித்தாள். எந்தத் தாளில் கையெழுத்துப் போட வேண்டும் என்று கேட்டபடியே சாஜிதா வந்தாள். படிக்காமலே போட்டாள். பிறகு போகாமல் நின்றாள்.

“மேடம், அது உங்க அப்பாதானே?”

“ஆமா.”

“நோட்ஸ்னு நெனச்சு எல்லாரும் எழுதிட்டோம் மேடம். ஸ்கூல்லேருந்தே அப்படித்தான். டீச்சர் சொன்னா எழுதிக்கணும்.” சாஜிதா வேம்பின் பெயர்ப்பலகையை விரலால் தேய்த்துக்கொண்டிருந்தாள். “எங்க வாப்பா ரெண்டு வருசத்துக்கு ஒருக்கா வருவாங்க. ஒரு மாசம் இருப்பாங்க. அவங்களப் பத்தி எழுதச் சொன்னா எனக்கு ஒண்ணும் தெரியாது. நீங்க அன்னைக்கு வாசிச்சப்ப, இப்படி ஒரு வாப்பா தெனமும் வீட்டுக்குத் திரும்பி வந்தா எப்படி இருக்கும்னு இருந்துச்சு. அதை நான் பார்க்காமலே சொல்லுவேன் மேடம். சொல்லவா?”

அவள் கையைக் கட்டிக்கொண்டு சொன்னாள். முழுப் பத்தியையும், ஒரு சொல் பிசகாமல். காலைப் பார்ப்போம் என்று முடித்துவிட்டு, பாடம் ஒப்பித்தவள் ஆசிரியரைப் பார்ப்பதுபோல் பூர்ணிமாவைப் பார்க்காமல், கொஞ்சம் வெட்கத்தோடு தரையைப் பார்த்தாள். நெறியாளர், குழு, பல்கலைக்கழகம் எல்லாம் சேர்ந்த அந்த ஆறு ஆண்டுகளில், மூன்றாம் இயலைப் படித்த ஒரே ஆள் அவள்தான் என்பது பூர்ணிமாவுக்கு அப்போது தெரிந்தது.

அன்று மாலை மூன்றாம் இயலின் தொடக்கத்தில் ஒரு மேற்கோள் குறியைப் போட்டாள். நாற்பது பக்கம் தள்ளிப் போய் இன்னொன்றைப் போட்டாள். அடிக்குறிப்பில் சாஜிதாவின் பெயரையும் வகுப்பையும் எழுதினாள். ஒப்புமை நான்கு விழுக்காடு. சிவசாமி கையெழுத்துப் போட்டார். மார்ச் கடைசிக்குள் ஆய்வேடு போய்ச் சேர்ந்தது.

பல்கலைக்கழகம் அதை மதிப்பிட ஓராண்டுக்கு மேல் எடுத்துக்கொண்டது. அதற்குள் கல்லூரியின் பாடத்திட்டக் குழு கூடி, எழுத்துத் திறன் தாளில் மாணவர்களின் சொந்தப் படைப்பு ஒன்றும் இடம்பெற வேண்டும் என்று முடிவுசெய்து, விருது பெற்ற கட்டுரையைப் பாடமாக வைத்தது. பூர்ணிமா அதை நான்கு பிரிவுகளுக்கும் நடத்தினாள். ‘மதகடியில் நிற்கும் தந்தையின் வழி ஆசிரியர் சாஜிதா உணர்த்துவன யாவை?’ என்று வினாத்தாள் தயாரித்தவளும் அவள்தான். விடைத்தாள்களைத் திருத்தியவளும் அவள்தான். உணர்த்துவன ஐந்து என்று பிள்ளைகள் எழுதியிருந்தார்கள். அவற்றில் இரண்டு அவளுக்கே புதியவை.

வாய்மொழித் தேர்வு ஒரு மே மாதம் நடந்தது. கல்லூரிக் கணக்கில் அவள் இல்லாத மாதம். புறத்தேர்வாளர் மதுரைப் பக்கத்திலிருந்து வந்திருந்தார். ரயிலுக்கு நேரமாவதால் ஒரே கேள்வி கேட்டார். ஆய்வேட்டின் மிகச் சிறந்த பகுதி மூன்றாம் இயல் என்றும், அதை எழுதியவர் வேறொருவராக இருக்கும்போது ஆய்வாளரின் பங்களிப்பு என்ன என்றும் கேட்டார். பூர்ணிமா வாயைத் திறந்தாள். அதற்குள் சிவசாமி, ஆய்வாளரின் பங்களிப்பு அந்த எழுத்தைக் கண்டுபிடித்ததுதான் என்றார். தேர்வாளர் திருப்தியடைந்தார். சாப்பாட்டில் வாழைப்பூ வடை நன்றாக இருந்ததாக எல்லோரும் சொன்னார்கள். டாக்டர் பூர்ணிமாவுக்குச் சால்வை போர்த்தினார்கள்.

அட்டை போட்டுத் தங்க எழுத்து பதித்த ஒரு பிரதியை அவள் ஊருக்கு எடுத்துப் போனாள். அப்பா கையைக் கழுவித் துடைத்துவிட்டு அதை வாங்கினார். எடை பார்ப்பதுபோலத் தூக்கிப் பார்த்தார். வெயில் தாழ்ந்த பிறகு வாசலில் நாற்காலி போட்டுக்கொண்டு படிக்கத் தொடங்கினார். ஐந்தாம் வகுப்பு வரை படித்தவர். விரலை வரிக்கு வரி வைத்து நகர்த்தினார். முதல் இரண்டு இயல்களைப் புரட்டிவிட்டு, மூன்றாம் இயலின் முதல் பத்தியில் நின்றார். விரல் வெகுநேரம் அங்கேயே இருந்தது. பிறகு பக்கத்தின் கீழே, பொடி எழுத்துக்குப் போனது.

“யாரும்மா இந்த சாஜிதா?”

“எங்க காலேஜ்ல படிக்கிற பொண்ணுப்பா. அதிராம்பட்டினம்.”

“அவங்க அப்பாவா இது?”

பூர்ணிமா சொல்லத் தொடங்கினாள். ஒப்புமைச் சோதனை என்றால் என்ன என்று முதலில் சொல்ல வேண்டும். பிறகு சர்வர், தேதி, குழு, பித்தளை எழுத்து. மலையாளம் வரை போய் வந்த கதையும் இருக்கிறது. யோசித்தபோதே அவளுக்கு மூச்சு வாங்கியது.

“ஆமாப்பா” என்றாள்.

“நம்ம மதகுலதான் நின்னாரா?”

“ஆமா.”

அவர் புத்தகத்தை மடியில் வைத்துக்கொண்டு வாய்க்கால் பக்கம் பார்த்தார். நெற்றியைச் சுருக்கி, அங்கே நின்ற ஒவ்வொரு ஆளாக நினைவுக்குக் கொண்டுவருவது தெரிந்தது.

“நான் பார்த்ததில்லையே” என்றார். கொஞ்சம் பொறுத்து, “இருக்கும். முறை வச்சு விடற தண்ணிக்கு ராத்திரியில போய் நின்னா அக்கரையில நிக்கிறது யாருன்னு எங்க தெரியுது. இருமல் சத்தம் கேக்கும், பீடி நெருப்பு தெரியும், அவ்வளவுதான். பாவம், அம்புட்டு தூரத்துலேருந்து வந்து நின்னிருக்காரு” என்றார்.

பிறகு புத்தகத்தை மூடி, பத்திரமாக அவளிடம் நீட்டினார்.

“அடுத்த தடவை வந்தா ஒரு கொரல் கொடுக்கச் சொல்லும்மா.”